நாகமணி போடாத கையெழுத்து

நாகமணி பேனாவை அரிசி டப்பாவுக்குள் போட்டு அமுக்கி மூடினாள். ஐம்பத்தெட்டு வயதில் செய்கிற காரியமா இது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வீட்டில் இருந்த மற்ற பேனாக்களை நேற்றே அள்ளிக் கொண்டுபோய் கராஜில் வைத்துவிட்டாள். மிஞ்சியிருந்தது இந்தக் கறுப்பு மைப் பேனா ஒன்றுதான்.

"நாகு..."

ஹாலில் இருந்து நஞ்சப்பன் கூப்பிட்டார். அதைக் குரல் என்று சொல்வதே அதிகம். சோபா கிடந்த இடத்தில், டிவிக்கு நேர் எதிரே, கடைசிக்கால நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிக்கும் ஹாஸ்பிஸ்காரர்கள் கொண்டுவந்து போட்ட கட்டிலில் அவர் படுத்திருந்தார். கணையத்தில் புற்று. இன்றோ நாளையோ என்று நர்ஸ் வியாழக்கிழமையே சொல்லிவிட்டாள். வியாழன் போய், வெள்ளி போய், சனிக்கிழமையும் விடிந்துவிட்டது. மகள் தென்றல் சான் ஹோசேயில் இருந்து கிளம்பிவிட்டாள், மத்தியானம் இரண்டு மணிக்கு வந்துவிடுவாள்.

"என்னங்க, வலிக்குதுங்களா?"

"வலியில்ல. மணி என்ன?"

"எட்டேகாலுங்க."

"சைன் பண்ணிட்டியா?"

"பண்றனுங்க. மொதல்ல ஒதட்ட நனைச்சுக்குங்க."

குச்சியில் மாட்டிய பஞ்சைத் தண்ணீரில் தொட்டு அவர் உதட்டில் ஒற்றினாள். அவர் கண் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த பச்சை அட்டை போட்ட நோட்டைத்தான் பார்த்தது.

அந்த நோட்டுக்கு ஒரு கதை உண்டு. நஞ்சப்பன் ஹூஸ்டனுக்குக் கிழக்கே ஒரு கெமிக்கல் பிளான்டில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். பிளான்டில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் வரும்போது, போகிறவர் லாக் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். எது ஓடுகிறது, எது நின்றிருக்கிறது, எந்த வால்வு மூடியிருக்கிறது, தான் என்ன தப்புச் செய்தோம் என்பது உட்பட. வருகிறவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டு மணியையும் எழுதுவார். அது வரைக்கும் போகிறவர் நாற்காலியை விட்டு நகரக்கூடாது. இதற்கு ஹேண்டோவர் என்று பெயர்.

மனிதர் அந்தச் சட்டத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். தென்றல் குழந்தையாக இருந்தபோது நாகமணி பகலில் ஒரு டேகேரில் வேலை பார்த்தாள், அவருக்கு இரவு ஷிப்ட். சாயங்காலம் அவள் உள்ளே நுழைகிற நேரம் அவர் வெளியே கிளம்புகிற நேரம். சமையலறை மேடையில் பச்சை நோட்டு விரிந்து கிடக்கும். "பால் காய்ச்சியாயிற்று. பின்கதவு பூட்டியாயிற்று. தென்றலுக்கு லேசான ஜுரம், 99.4. அவளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தேன், ஒன்றுதான் என்பாள், நம்பாதே." நாகமணி படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் அவர் கொக்கியில் மாட்டியிருக்கும் கார் சாவியைத் தொடுவார்.

அவள் வேண்டுமென்றே பேனாவைத் தேடுவாள். இரண்டு நிமிஷம் கூட நிற்பார் அல்லவா. அந்த நாளிலும் பேனா அரிசி டப்பாவுக்குள் போனதுண்டு.

நஞ்சப்பன் குடியரசுக் கட்சிக்காரர். ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வருஷம் முழுக்க வாய்க்கு அவல். பொங்கல் விழாவில் டாக்டர் சேனாபதி சர்க்கரைப் பொங்கல் தட்டோடு வந்து பக்கத்தில் உட்காருவார். "ஏங்க நஞ்சப்பன், அவங்க கட்சியில நம்மள வாசப்படி ஏத்துவாங்களா?" என்பார்.

"வரிக் கொறைப்ப விடுங்க டாக்டர், பட்டாளத்த விடுங்க. ஆளப் பாருங்க" என்பார் நஞ்சப்பன். "எப்படி வர்றான்கறத எவன் வேணா நடிச்சுக் காட்டலாம். எப்படிப் போறான்கறதுலதான் ஆளு தெரியும்."

அதுதான் அவருடைய அளவுகோல். தொண்ணூற்றிரண்டில் குடியுரிமை வாங்கி அவர் போட்ட முதல் ஓட்டு தோற்றுப்போனவருக்கு விழுந்தது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை. தோற்றவர் ஜெயித்தவரை ஒரே காரில் உட்காரவைத்துப் பதவியேற்புக்கு அழைத்துப்போனதை டிவியில் பார்த்துவிட்டு, "பாத்தியா, ஹேண்டோவர்னா இது" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்தில் நடந்த இந்தத் தேர்தலில் முப்பத்தாறு நாள் எண்ணி, இழுத்து, கோர்ட்டுக்குப் போய் அவருடைய கட்சி ஜெயித்தது. அதற்கும் குதிக்கவில்லை. "நூலிழையில ஜெயிச்சவன் அடக்கமா உள்ள போகோணும்" என்றார். தோல்வியை ஒப்புக்கொண்டு எதிர்க்கட்சிக்காரர் பேசியதை இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

ஆனால் பதவி விட்டுப் போகிற ஜனாதிபதியை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை. அவர் பெண் விஷயத்தில் தவறியதைக்கூட நஞ்சப்பன் பெரிதாகப் பேசியதில்லை. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதைத்தான் பேசினார். "தப்புப் பண்றவன் மனுசன். லாக்ல பொய் எழுதறவன் பிளான்டையே கொளுத்திருவான்!" என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். கத்தி முடித்ததும் கராஜுக்குப் போய், கிளப்பாத காரில் ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு வருஷம் இது நடந்தது. நாகமணி பி.பி. என்று நினைத்து ஊறுகாயை நிறுத்திப் பார்த்தாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. டிவியில் செய்தி ஓடியது. பதவியில் இருக்கிற கடைசி முழுநாளில், அன்றைக்குச் சாட்சியத்தில் தான் சொன்ன சில பதில்கள் உண்மையல்ல என்று அந்த ஜனாதிபதி எழுதிக் கொடுத்துவிட்டாராம். நாகமணி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். நஞ்சப்பன் குதூகலிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார்.

"எழுதிக் குடுத்துட்டான் நாகு. போறதுக்கு மொத நாளு" என்றார். கண்ணை டிவியில் இருந்து எடுக்காமலே, "பச்ச நோட்ட எடு. நாஞ் சொல்றேன், நீ எழுது" என்றார்.

எழுதினாள். ஹீட்டர் பில்டரை பிப்ரவரியில் மாற்ற வேண்டும். கராஜ் கதவின் இடது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, தானாகச் சரிசெய்யப் போகாதே. தென்றலைப் பத்து நாளுக்கு மேல் இங்கே நிறுத்திவைக்காதே, அவளுக்கு வேலை இருக்கிறது. நாகமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள். அப்புறம் அவர், "பாக்கின்னு தலப்புப் போடு" என்றார்.

"1993 டிசம்பர் 11. பம்ப்பின் கூலிங் வாட்டர் வால்வை நான் மூடினேன். ரிப்பேர் முடிந்தும் திறக்கவில்லை. லாகில் எழுதவும் மறந்தேன். பசுபதி கையெழுத்துப் போட்டபோது, வால்வு மூடியிருக்கிறது என்ற வரி அங்கே இல்லை. விபத்துக்குப் பிறகு, அவர் கையெழுத்துக்கு மேலே இருந்த இடைவெளியில் நான் அதை எழுதினேன். பசுபதி பொய் சொல்லவில்லை. இதை அவரிடம் சொல்ல வேண்டும்."

பாதியில் நாகமணி பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தாள். ஆனாலும் எழுதி முடித்தாள்.

பசுபதி அடுத்த ஷிப்ட்டின் சூப்பர்வைசர். திருப்பூர்க்காரன், நஞ்சப்பனை அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அந்த பம்ப்பை ஓடவிட்டது அவன்தான். தண்ணீர் போகாமல் சூடேறி, பம்ப்பின் சீல் வெடித்து ஒரு தொழிலாளியின் கை வெந்துபோனது. அந்த வரி அப்போது அங்கே இல்லை என்று விசாரணையில் கதறினான். வரி இருந்தது, கீழே அவன் கையெழுத்தும் இருந்தது. வேலை போயிற்று, விசா போயிற்று. ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மனைவி கண்மணியைக் கூட்டிக்கொண்டு இதே ஹாலில் வந்து உட்கார்ந்தான்.

"நாந்தானுங்ண்ணா படிக்காம போட்டுட்டனாட்ட இருக்குது. என்னால உங்களுக்கும் கெட்ட பேரு. மனசுல வெச்சுக்காதீங்க" என்றான்.

நஞ்சப்பன் எழுந்து கராஜுக்குப் போய்விட்டார். அழுகிறார், பாவம் என்று நாகமணி நினைத்தாள். வந்தவர்களுக்கு உப்புமா கிண்டிப் போட்டாள். அவர்கள் போனபிறகு, படிக்காமல் கையெழுத்துப் போட்ட கவனக்குறைவான பயல் என்று ஊரெல்லாம் அவள்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நேற்று இதையெல்லாம் எழுதி முடித்ததும் நோட்டை மூடி, "இதுல நாஞ் சைன் பண்ண மாட்டேன்" என்று எழுந்துவிட்டாள். பேனாக்களை அள்ளியது அதற்குப் பிறகுதான்.

இப்போது சனிக்கிழமை காலை ஒன்பதைத் தாண்டிவிட்டது. டிவியில் சத்தமில்லாமல் வாஷிங்டன் தெரிந்தது. தூறல், குடைகள், கறுப்புக் கோட்டுகள். டெக்சாஸ் நேரப்படி பதினொரு மணிக்குப் பதவியேற்பு. தூங்கிவிடுவோமோ என்ற பயத்தில், பத்தரைக்கே பதிவாகும்படி நஞ்சப்பன் புதன்கிழமையே வி.சி.ஆரில் டைமர் வைத்திருந்தார். விரல் நிற்காமல் அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினார். தான் வைப்பதாகச் சொன்ன நாகமணியை விடவில்லை.

"நாகு, சைன்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குங்க இப்ப? ஏழு வருசம் ஆச்சு. அவங்க அங்க நல்லாத்தான் இருக்கறாங்க. நாளைக்கு ஊரு என்ன பேசும்? உங்க பொண்ணு உங்களப் பத்தி என்ன நெனைப்பா?"

நஞ்சப்பன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு டிவியைக் கண்ணால் காட்டினார்.

"அந்தாளுக்கும் ஒரு பொண்ணு இருக்குது. அதுவுந்தான் டிவி பாக்குது."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊரும் இல்லை, மகளும் இல்லை, காரணம் வேறு என்று அவளுக்கே தெரியும். சொல்லிவிட்டாள்.

"நாஞ் சைன் பண்ணுனா நீங்க சாவிய எடுத்துட்டுக் கிளம்பிருவீங்க."

அவர் சிரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். உதடு ஒரு பக்கமாக ஒதுங்கியது.

"மூணு நாளா ஓவர்டைம் பாக்கறேன் புள்ள. முடியல."

நாகமணி அவர் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அரிசிக்குள் கையை விட்டுத் துழாவினாள். டப்பா பக்கத்திலேயே நின்று புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நன்றாக அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிவந்தபோது அவள் கையில் பேனா இருந்தது.

நோட்டை அவர் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் வாய்விட்டுப் படித்தாள். படிக்காமல் போடக்கூடாது என்பது சட்டம். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அவர் பார்த்தார். கண்ணில் ஏதோ குறை தெரிந்தது.

"டைம்?" என்றார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்து 10.10 என்று எழுதினாள்.

நஞ்சப்பன் கண்ணை மூடினார். மூச்சு நீண்டு, நின்று, மறுபடி வந்தது. அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். பதினான்கு வரைக்கும் எண்ணினாள். பதினைந்தாவதற்காக ரொம்ப நேரம் காத்திருந்தாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. டிவிக்குக் கீழே க்ளிக் என்று ஒரு சத்தம் கேட்டுத் திடுக்கிட்டாள். வி.சி.ஆரில் சிவப்பு விளக்கு எரிந்தது. யாரும் கை வைக்காமலே டேப் சுற்ற ஆரம்பித்தது. மணி பத்தரை.

அவர் வாயை மூடி, தாடையைத் துண்டால் கட்டி, நெற்றியில் திருநீறு வைத்தாள். நர்ஸின் நம்பர் போனுக்கு மேலேயே ஒட்டியிருந்தது. தென்றல் விமானத்தில் இருப்பாள். நாகமணி அலமாரியைத் திறந்து பழைய விலாச டைரியைத் தேடி எடுத்து, ப வரிசையைப் புரட்டினாள். எண்களைப் பெரிதாக ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினாள். திருப்பூரில் இரவு பத்தைத் தாண்டியிருக்கும். மணி நெடுநேரம் அடித்தது.

"ஹலோ, யாருங்க?"

"தம்பி, நான் நாகமணி. ஹூஸ்டன்ல இருந்து."

"அக்கா! எத்தன வருசமாச்சு! அண்ணன் எப்படிங்க்கா இருக்கறாரு?"

டிவியில் போகிறவரும் வருகிறவரும் ஒரே மேடையில் தூறலில் நின்றிருந்தார்கள். நாகமணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"அவரு ஒண்ணு எழுதி வெச்சிருக்கறாரு தம்பி. படிக்கிறேன். முடிக்கற வரைக்கும் போன வெச்சிராதீங்க."

பச்சை நோட்டைப் பிரித்தாள். கையெழுத்தின் மேல் அரிசி ஒன்று ஒட்டியிருந்தது. அதை விரலால் தள்ளிவிட்டு, பாக்கி என்ற இடத்தில் இருந்து படிக்கத் தொடங்கினாள்.