அக்கா அறையின் தாழ்ப்பாள்

அக்கா, தன் புருஷன் வீட்டை விட்டு வந்த ஒன்பதாவது நாள் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்கப்பா. வேற எதுவும் வேணாம்."

அது அதுவரை எங்கள் வீட்டின் சாமான் அறை. போர்வை, துண்டு, தையல் மெஷின், அம்மாவின் மாத்திரை டப்பா எல்லாம் அங்கேதான். அக்காவுக்கு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவு வேலை. பகலில் தூங்கினால்தான் உண்டு. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அந்த அறையில் பகலில்தான் வேலை இருந்தது. அம்மாவாவது அடிமேல் அடி வைத்து வந்து துண்டை எடுத்துக்கொண்டு போவாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அத்தை நேராகக் கட்டிலில் வந்து உட்காருவாள். "தூங்கறியாம்மா?" என்று கேட்டே எழுப்பிவிடுவாள். பிறகு, "அப்படி என்னதான் நடந்துச்சு?" என்று ஆரம்பிப்பாள்.

அப்பா அன்று மாலையே தாழ்ப்பாள் வாங்கி வந்தார். கதவு மரம், நிலை இரும்பு. கதவில் தாழ்ப்பாளைப் பொருத்த ஐந்து நிமிடம் ஆகவில்லை. அது நுழைகிற கொண்டியை நிலையில் மாட்டப் போனபோதுதான் சிக்கல் வந்தது. கதவு அறையின் மூலையில் இருக்கிறது. பக்கத்துச் சுவரில் சிமென்ட் அலமாரி. நிலைக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. டிரில் மெஷினை நுழைத்தால் பின்பக்கம் அலமாரியில் இடித்தது. சாய்த்துப் பிடித்தால் துளை போடுகிற பிட் இரும்பில் வழுக்கி ஓடியது.

"பதினேழு சென்டிமீட்டர்," என்றார் அப்பா, டேப்பை மடக்கியபடி. "மெஷினே இருபத்திரண்டு இருக்கு. இதுக்கு மூலை அட்டாச்மென்ட் வேணும். முன்னாடி மாட்டினா தலை மட்டும் பக்கவாட்டுல திரும்பிக்கும். பார்த்துத்தான் வாங்கணும்."

பார்த்துத்தான் வாங்கணும் என்றால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. அப்பா புத்தகம் கட்டும் பைண்டிங் கூடத்தில் வேலை பார்ப்பவர். அரை மில்லிமீட்டர் பிசகினால் தூக்கம் வராது. மாமா அவருக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருந்தார். "ஒரு வாளி வாங்க மூணு வாரம் யோசிச்ச மனுஷன், எங்க அக்காவை மட்டும் எப்படி ஒரே நாள்ல பார்த்து சரின்னு சொன்னாரோ," என்பார். அம்மா, "அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல்," என்பாள்.

சனிக்கிழமை அப்பா என்னை, "கூட வரியா?" என்று கேட்டார். நான் செருப்பைத் தேடுவதற்குள் அவர் மனம் மாறிவிடுமோ என்று பயமாக இருந்தது. பத்தாம் வகுப்பின் பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அப்பா என்னிடம் பேசுவது குறைந்துபோயிருந்தது. திட்டவில்லை. "சரி, உன் இஷ்டம்," என்று ஒருநாள் சொன்னார். அதற்கப்புறம் தண்ணீர் கொண்டு வா, கதவைச் சாத்து, அவ்வளவுதான்.

கடைக்குக் கிளம்பும் முன் அப்பா பைண்டிங் அட்டையை வெட்டி, அந்த மூலையை அப்படியே அளவெடுத்த மாதிரி ஒரு பெட்டி செய்தார். ஒரு பக்கம் நிலை, எதிர்ப்பக்கம் அலமாரி, நடுவில் பதினேழு. கடையில் அட்டாச்மென்டை அதற்குள் வைத்தே பார்த்துவிடலாம் என்றார்.

முதல் கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார், எலி பிடிக்கப் போறீங்களா?"

"இதுக்குள்ள நிக்கற மாதிரி ஒரு மூலை ஹெட் வேணும். எப்பவாவது வீட்டு வேலைக்குத்தான்."

"எப்பவாவதுன்னா இது போதும்." பிளாஸ்டிக் உடம்புள்ள ஒன்றை எடுத்து வைத்தார். அப்பா அதைக் கையால் சுற்றிப் பார்த்து, என்னிடம் நீட்டினார். "நீ சுத்திப் பாரு. உள்ள பல் எப்படி உரசுது?"

"கரகரங்குதுப்பா."

"அதேதான். இது ஸ்குரூ முடுக்கத் தாங்கும். இரும்புல துளை போட்டா பல்லு போயிடும்."

இன்னொன்று முழுக்க உலோகம். பெரிய மெஷினில் இருப்பது போல முன்னால் பிட்டை இறுக்கிப் பிடிக்கும் சக் வைத்தது. கனமாக, நம்பிக்கையாக இருந்தது. பெட்டிக்குள் வைத்தால் பிட் மாட்ட இடமில்லை. அறுகோணத் தண்டுள்ள குட்டை பிட் போடுகிற சின்ன வகை இடத்துக்குச் சரியாக இருந்தது. ஆனால் அதற்குப் பக்கவாட்டில் கைப்பிடி இல்லை. "கைப்பிடி இல்லேன்னா பிட் சிக்கிக்கிட்ட நேரத்துல ஹெட்டே சுழண்டு மணிக்கட்டைத் திருப்பிடும்," என்று வழியெல்லாம் அப்பா எனக்கு விளக்கினார். என் மணிக்கட்டைப் பிடித்து எந்தப் பக்கம் திருப்பும் என்று காட்டினார். நாங்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தோம்.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு கடை, அதற்கடுத்து வேறொன்று. நடு வாரத்தில் அப்பா வேலை முடிந்து வந்ததும், "உலோக உடம்பு, கைப்பிடி, குட்டைத் தலை. மூணும் ஒண்ணா கிடைக்கணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுக்கற சாமான்தான், ஆனா அந்த ரெண்டு தடவையும் அது கைவிடக்கூடாது. என்ன சொல்ற?" என்பார். என்ன சொல்ற என்று என்னை யாரும் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

முதல் கடைக்குப் போய் வந்த மறுநாளே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அந்த அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். துடைப்பம் கதவின் அடியில் போனது. தாழ்ப்பாளை ஏன் நிலையில் மாட்ட வேண்டும்? கதவின் கீழே நெட்டுக்குத்தாக வைத்துத் தரையில் ஒரு துளை போட்டால் போதும். தரைக்கு மேலே மெஷின் பிடிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. மூலையும் வேண்டாம், அட்டாச்மென்டும் வேண்டாம். கையில் இருக்கிற மெஷினே போதும்.

அப்பா முற்றத்தில் அட்டைப்பெட்டியில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். "இங்க வந்து பாரு, இந்த வாரம் பெரிய மார்க்கெட் பக்கம் போவோமா?" என்றார். நான், "சரிப்பா," என்றேன்.

அந்த வாரமே அக்கா என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். வேலைக்குப் போகிற பெண்களுக்கான விடுதியில் ஒரு கட்டில் காலியாகிறதாம். மாதக் கடைசிக்குள் வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டுமாம்.

"போயிடுவியாக்கா?"

"யாருக்குடி போகணும்னு இருக்கு? அம்மா கையால சாப்பிட்டுக்கிட்டு இங்கயே கிடப்பேன். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் கதவை மூடிக்க முடிஞ்சா போதும்." பிறகு சிரித்தாள். "ஆராய்ச்சி எந்த மட்டுல இருக்கு?"

"கைப்பிடி வெச்சது தேடறோம்."

"தேடுங்க, தேடுங்க."

அப்போதும் நான் சொல்லவில்லை. இன்னும் ஒரு சனிக்கிழமைதான், மாதம் முடிவதற்குள் எப்படியும் வாங்கிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தைந்தாம் தேதி காலையில் அத்தை தன் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அக்கா வேலை முடிந்து வந்து தூங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் வாசலில் நின்று, "அக்கா தூங்கறா அத்தை," என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அத்தை என்னைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள். "இவதான் நான் சொன்னேன்ல, அந்தப் பொண்ணு," என்றாள் கூட வந்தவளிடம். அக்கா போர்வையை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அவர்கள் போன பிறகு முகம் கழுவிக்கொண்டு தெருமுனைக்குப் போய் விடுதிக்குப் போன் செய்து, வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து அட்டாச்மென்ட் கிடைத்தது. உலோக உடம்பு, கைப்பிடி, குட்டைத் தலை. அப்பா எதைத் தேடினாரோ அதுவே. வீட்டுக்கு வந்து நிலையில் இரண்டு துளை போட்டார். பிட் வழுக்கவில்லை, எங்கும் சிக்கவில்லை. நான் கீழே விழுந்த இரும்புத் தூளைத் துடைத்தேன். அதற்குள் அக்கா துணிகளை மடித்துப் பைக்குள் வைத்து முடித்திருந்தாள்.

"போட்டுப் பாரும்மா," என்றார் அப்பா.

அக்கா எங்களை வெளியே நிறுத்திக் கதவை இழுத்துத் தாழ்ப்பாளைப் போட்டாள். உடனே திறப்பாள் என்று நின்றோம். திறக்கவில்லை. அப்பா கையில் மெஷினோடு நின்றார். அம்மா சமையலறையிலிருந்து வந்து அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கால் மணி நேரம் இருக்கும். உள்ளே சத்தமே இல்லை. பிறகு கதவு திறந்தது. அக்காவின் முகம் நன்றாகத் தூங்கி எழுந்தது போல இருந்தது.

"நல்லா இருக்குப்பா," என்றாள்.

"அப்ப ஏம்மா போகணும்? அதான் போட்டாச்சே."

"அட்வான்ஸ் கட்டிட்டேன்ப்பா. அங்க ஒரு பொண்ணு எனக்காகத் தன் கட்டிலை மாத்திக்கிட்டிருக்கா."

அப்பா தலையாட்டினார். கைப்பிடியைக் கழற்றி, பெட்டியில் அதற்கான இடத்தில் வைத்தார். "கொஞ்சம் முன்னாடியே வாங்கியிருக்கலாம்," என்றார், யாரையும் பார்க்காமல்.

பஸ் நிறுத்தம் வரை ஒரு பையை நான் தூக்கிப் போனேன். பஸ் வர நேரமிருந்தது. அங்கே வைத்துத்தான் சொன்னேன்.

"அக்கா, தாழ்ப்பாளைக் கீழ தரையில போட்டிருக்கலாம். அட்டாச்மென்டே வேண்டியதில்ல. எனக்கு முதல் கடைக்குப் போன மறுநாளே தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். மனதுக்குள் அந்தக் கதவைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"ஏன்டி சொல்லல?"

"அப்பா என்கூட பேசிக்கிட்டிருந்தாரு."

அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவள் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவர்கிட்ட சொல்ல வேணாம்," என்றாள். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே போட்டிருப்பேன்."

பஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"இந்த வாரம் வேணாம்," என்றாள். "பையக் கொடு."

கொடுத்தேன்.