மெட்டில்டா சிஸ்டர் கொடுத்தனுப்பிய தண்ணீர்

துறைமுகச் சாலையில் இருந்த எங்கள் ஒர்க்ஷாப்பில் எண்ணெய் படாத இரும்பே கிடையாது. தூத்துக்குடி உப்புக்காற்றில் ஒரு போல்ட்டை இரண்டு நாள் சும்மா வைத்தால் துருப்பிடித்துவிடும். அதனால் தண்ணீரைக் கண்டாலே எங்களுக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் எண்ணெய்தான் மருந்து. கப்பல், பாய்லர் என்று பதினோரு வருஷம் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ்களைச் சரிபார்த்தவன் நான். என் திமிருக்கும் அதே வயசு.

எழுபத்து நான்கில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டரின் கேஜ் வந்தது. முள் சரியாகக் காட்டவில்லையாம். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் மெட்டில்டா சிஸ்டர் அதோடு ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டரும் ஒரு சீட்டும் அனுப்பியிருந்தார். இந்தத் தண்ணீரை வைத்துத்தான் அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும், எண்ணெய் ஒரு சொட்டும் படக்கூடாது, ஆக்சிஜனோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும் என்று எழுதியிருந்தது. கொண்டுவந்த வார்டு அட்டெண்டர் பாஸ்கலும் அதையே இரண்டு தடவை சொன்னான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஊசி போடுகிறவர்கள் எனக்குக் கேஜ் பார்க்கச் சொல்லித்தருவதா? தண்ணீர் ஊற்றினால் என் சோதனைக் கருவி துருப்பிடிக்கும். கழுவிக் காயவைக்க அரை நாள் போகும். சிஸ்டரின் தண்ணீரை எங்கள் ஜீப் பேட்டரியில் ஊற்றினேன். வழக்கம்போல எண்ணெயிலேயே அழுத்தம் ஏற்றி, முள்ளைச் சரிசெய்து, வெளியே பளபளவென்று துடைத்துக் கொடுத்தேன். உள்ளே இருக்கும் வளைந்த குழாய்க்குள் துணி போகாது என்பது எனக்குத் தெரியாததா?

மறுநாள் காலை பாஸ்கல் கேஜை மாட்டி வால்வைத் திறந்தான். கேஜ் வெடித்து, தீ அவன் முகத்தில் அடித்தது. முன்பு சங்கு குளித்தவன் அவன். கடலுக்கடியில் திறந்து பழகிய கண்கள் இரண்டும் போய்விட்டன.

விசாரணைக்கு வந்தவர்கள் முன்னால் எங்கள் ஃபோர்மேன் சிவனணைந்தபெருமாள் என்னைக் கேட்டார்.

"ஏலே இசக்கியப்பா, தண்ணியிலதான பாத்தே?"

"ஆமா அண்ணாச்சி."

நான் பேட்டரியில் ஊற்றியதை அவரும் பார்த்தவர்தான். அதற்கு மேல் கேட்கவில்லை. பாஸ்கலின் சட்டைப்பையில் பாதிக் கட்டு பீடி இருந்ததாம். அவன் சிலிண்டர் பக்கத்தில் பீடி பற்றவைத்ததுதான் காரணம் என்று எழுதி முடித்தார்கள். மெட்டில்டா சிஸ்டர் மட்டும் நம்பவில்லை. தண்ணீர் எதற்குப் போனது என்று பார்க்க, காலி பாட்டிலைக் கேட்டு ஆள் அனுப்பினார். எந்தத் தடயமும் இல்லாமல் கழுவிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து திரேஸ்புரத்தில் பாஸ்கலின் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன், சத்தியமாக. பீடியால் குடும்பத்தைக் கெடுத்தான் என்று அவன் மனைவி அவனோடு பேசுவதையே விட்டிருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். என் குரலை அவன் உடனே கண்டுகொண்டான்.

"அண்ணாச்சி, நீங்க மிஷின் தெரிஞ்சவுக. பீடி பத்தவைக்காம அதுல தானா தீ வருமா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சொன்னால் வேலை போய்விடும் என்பது ஞாபகம் வந்தது. ஜெயில் ஞாபகம் வந்தது.

"வராது" என்றேன்.

பாஸ்கல் அவள் இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பினான்.

"அப்ப நாந்தான் பத்தவச்சிருப்பேன் போல. ஞாபகம் இல்ல. மன்னிச்சிரு ஏளா."