டாரியோவைக் கொடுப்பதா

"இது போகாது தங்கச்சி," என்று பெட்டிக்குள் கைவிட்டு அந்தக் கறுப்பு வட்டை வெளியே எடுத்தார் சுஜீத். மரணச்சடங்கு நிறுவனத்தின் ஆள். அவருடைய மற்றக் கையில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி ஏற்கெனவே இருந்தது. "ரப்பர். கிரெமட்டோரியத்தில விடமாட்டினம். கண்ணாடி, இரும்பு, ரப்பர், தேங்காய், ஒண்டும் ஏலாது."

"தேங்காயுமோ?" என்றார் சித்தப்பா.

"வெடிக்கும் அண்ணை."

சித்தப்பா ஐயரைத் திரும்பிப் பார்த்தார். கையில் தேங்காயோடு நின்ற ஐயர் வேறு பக்கம் பார்த்தார்.

யசோதினி வட்டை வாங்கிக் கோட்டின் வலது பைக்குள் போட்டாள். கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். எரிந்தால் என்ன வாயு வரும் என்று அவளுக்குத் தெரியும். உயிர்வேதியியல் பட்டம் இன்றைக்கு அந்த அளவுக்குத்தான் உதவியது. இடது பைக்குள் அப்பாவின் போன் காலையிலிருந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

வட்டு என்பது ஐஸ் ஹொக்கியில் அடிக்கிற பக். அவளுடைய அப்பா வாமதேவன் லண்டனுக்கு வருமுன் ஒன்பது வருடம் சுவிஸில் இருந்தவர். மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றின் பனித்திடலில், கன்ரீனில் கோப்பை கழுவினார். தொட்டிக்கு மேலே ஒரு யன்னல் இருந்தது. யன்னலுக்கு அப்பால் பெடியள் பயிற்சி எடுப்பார்கள். ஒன்பது வருடம் ஈரக் கையோடு நின்று பார்த்தே அந்த விளையாட்டைப் படித்துவிட்டார். பிறகு லண்டனில் இல்ஃபோர்ட்டுக்கு வந்து பஸ் ஓட்டினார். தம்பி றமணன் டொரொண்டோவுக்குப் போனார். அந்த ஊரில் ஹொக்கி தடிமல் மாதிரித் தானாகவே தொற்றிக்கொள்ளும்.

சொந்தக்காரரும் சினேகிதருமாகப் பத்துப் பேர் சேர்ந்து போனில் ஒரு கற்பனைப் போட்டி நடத்தினார்கள். உண்மையான விளையாட்டுக்காரரை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டு வைத்துக்கொள்வார்கள். அங்கே ஐஸில் ஒருவன் கோல் அடித்தால் இங்கே அவனை வைத்திருப்பவருக்குப் புள்ளி. ஒருவருக்கொருவர் ஆளை மாற்றிக்கொள்ளலாம். காசு கிடையாது, மானம் மட்டும்தான்.

அப்பா மூன்று வருடமாக விடாமல் வைத்திருந்தவன் டாரியோ. சுவிஸ் பெடியன், இருபத்தொரு வயது. பதினெட்டில் பெரிய பேச்சோடு அமெரிக்காவுக்குப் போனவன். போனபின் ஒன்றும் சரிவரவில்லை. கீழ் அணிக்கு இறக்கினார்கள், மேலே ஏற்றினார்கள், தோள் விலகியது, மறுபடி இறக்கினார்கள். இந்த வருடம் முப்பத்தொரு ஆட்டத்தில் இரண்டு கோல்.

"அவனை எனக்குத் தாங்கோ அண்ணை," என்று சித்தப்பா ஒவ்வொரு கிழமையும் குரல் செய்தி அனுப்புவார். "பெறுமதி விழுந்துகொண்டே போகுது. இப்ப தந்தா நல்ல ஆள் ஒண்டைத் தாறன். அடுத்த வருசம் சும்மா குடுத்தாலும் ஒருத்தரும் எடுக்கமாட்டினம்."

அப்பாவின் பதில் மாறியதே இல்லை. "டேய் றமணன், பக் அவனிட்ட இருக்கேக்க பாக்காதை. இல்லாத நேரம் என்ன செய்யிறான் எண்டு பார். அவனுக்கு நேரம் எடுக்கும். எடுக்கட்டும்."

கடைசி இரண்டு வசனங்களும் யசோதினிக்குப் பழக்கமானவை. அவளுக்கு இருபத்தாறு வயது. இரண்டு ஆய்வுகூட வேலைகள் ஆறாறு மாதத்தில் முடிந்துபோயின. இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது விசாரித்தால், அவள் தலையைக் குனிந்துகொள்ள, அப்பா அதையேதான் சொல்வார். அவளுக்கு நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

பத்து நாளைக்கு முன், காலை ஏழு இருபதுக்கு, பஸ் கராஜ் கன்ரீனில் தேநீர்க் கோப்பையோடு அப்பா சரிந்தார். வைத்தியசாலையில் கொடுத்த பையிலிருந்து போனை எடுத்துத் திறந்தபோது அவள் கண்டது இது. ஏழு பன்னிரண்டுக்கு அவர் தம்பியிடம் ஒரு மாற்றம் கேட்டிருந்தார். டாரியோவைத் தருகிறேன், உன்னுடைய கோல்காப்பாளரைத் தா.

அந்தக் காப்பாளருக்கு முப்பத்தெட்டு வயது. இந்த வருடத்தோடு ஓய்வு.

சித்தப்பா அதை இன்னும் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. இன்றைக்கு மாலை ஏழு மணியோடு கெடு முடிகிறது. அதற்குள் பதில் இல்லாவிட்டால், கேட்டது தானாகவே இல்லாமல் போய்விடும்.

அவளுக்கு ஒரேயொரு விடைதான் வேண்டியிருந்தது. அப்பா கைவிட்டாரா, இல்லையா. அதை யாரிடமும் கேட்க முடியவில்லை.

கிரெமட்டோரியத்துக்குப் போகிற வழியில் அம்மா முன் காரில் தவநாயகி மாமியோடு போனாள். பின் காரில் யசோதினியும் சித்தப்பாவும். போன் மறுபடி அதிர்ந்தது. பத்துப் பேரின் குழு. முதல் இரண்டு நாள் கும்பிடும் கைகளும் விளக்குகளுமாக இருந்தது. மூன்றாம் நாள் ஒருவர் மெதுவாக ஹொக்கிக் கதையைத் தொடங்கினார். இப்போது பழையபடி.

"என்னவாம்?" என்றார் சித்தப்பா.

அவள் வாசித்தாள். "'வாமண்ணையின்ர ஆத்மா சாந்தியடையட்டும். ஆனா டாரியோவுக்கு முப்பத்தெட்டு வயசுக் கிழவனோ? இது பகல் கொள்ளை, நிப்பாட்டுங்கோ.' மற்றவர் சொல்லுறார், 'றமணன் அண்ணை மூண்டு வருசம் கெஞ்சினவர், எடுக்கட்டும். தோள் போன பெடியன். கிழவனாவது பந்தைப் பிடிப்பான்.'"

"பந்தாம். பக் எண்டுகூடத் தெரியாது, வியாக்கியானம்." சித்தப்பா வேட்டியை முழங்காலில் இழுத்துவிட்டார். குளிருக்கு உள்ளே ட்ராக்சூட் போட்டிருந்தார். "யனுஷன் என்ன சொல்லுறான்? அவன்தானே போட்டி நடத்திறது."

"அன்ரி அங்கிள் எல்லாருக்கும் சொறி எண்டு இங்கிலீஷில போட்டிருக்கிறார். டீமை ஆரின்ரையும் பேரில மாத்திறதோ, மூடுறதோ எண்டு கேக்கிறார்."

சித்தப்பா யன்னலுக்கு வெளியே பார்த்தார். இரண்டு மாடிப் பஸ் ஒன்று அவர்களை முந்தவும் முடியாமல் பின்னிற்கவும் மனமில்லாமல் பக்கத்தில் ஊர்ந்தது.

"உமக்கு ஏதும் சொன்னவரே, பிள்ளை?"

"இல்லை."

"அந்தக் கிழவனை ஏன் கேட்டவர்? அவருக்கு நல்ல காப்பாளர் ரெண்டு பேர் இருக்கினம்."

"கை பட்டிருக்குமோ சித்தப்பா? கண்ணாடி இல்லாமல்."

"கை பட்டால் ஒருக்காப் படும். ஆளைத் தெரிஞ்செடுக்கோணும், என்ர ஆளைத் தெரிஞ்செடுக்கோணும், பிறகு அனுப்பு எண்டதை அமத்தோணும், அனுப்பவோ எண்டு திருப்பிக் கேக்கும், ஓம் எண்டு அமத்தோணும். நாலு தரமோ கை படும்?"

அவளும் அதை எண்ணிப் பார்த்திருந்தாள். நான்கு அழுத்தம். தவறாக நடந்திருக்க முடியாது. வேண்டுமென்று செய்யவும் ஒரு காரணம் தெரியவில்லை.

கிரெமட்டோரியத்தில் நாற்பது நிமிடம்தான் தந்திருந்தார்கள். ஐயர் வேகமாகச் சொன்னார். கொள்ளி வைக்க மகன் இல்லை என்பதால் சித்தப்பா. கொள்ளி என்றால் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான். அதன் முன்னால் போய் நின்றவர் கையை உயர்த்திவிட்டு இறக்கினார்.

"நீரும் கை வையும்," என்றார்.

அவள் தன் பெருவிரலை அவர் பெருவிரலின் மேல் வைத்தாள். யார் அழுத்தியது என்று பிறகு அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து முழுகி, மாமி கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டபோது ஐந்து மணி. செத்தவீட்டில் டீவி போடக்கூடாது. முப்பத்தொரு நாள். டீவிக்கு மேல் அம்மா ஒரு வெள்ளைத் துணியை விரித்திருந்தாள். ஆறு மணிக்கு, மற்றவர்கள் வெளிக்கிட்ட பிறகு, சித்தப்பா தன் போனைச் சர்க்கரைப் போத்தலில் சாய்த்து வைத்தார். அமெரிக்காவில் அப்போது மத்தியானம். டாரியோவின் அணி விளையாடியது. சத்தத்தை முழுதாகக் குறைத்திருந்தார்.

"இது டீவி இல்லைத்தானே," என்றார் களவாக.

டாரியோ திடலோரத்து வாங்கில் இருந்தான். வரிசையின் ஓரம். மூன்று தரம் ஐஸுக்குள் போனான். மூன்று தரமும் நாற்பது வினாடியில் திரும்பி வந்து, தண்ணீரை வாய்க்குள் பீச்சிக்கொண்டு, கீழே பார்த்தான். ஒரு தரம் பக் அவன் காலுக்கிடையால் போனது.

"பாத்தீரோ," என்றார் சித்தப்பா. பிறகு அதைச் சொல்ல ஆளில்லை என்பதுபோல நிறுத்திக்கொண்டார்.

ஏழுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தபோது அவர் சொன்னார், "ஒண்டு உமக்குச் சொல்லேல்லை." அவருடைய குரல் வேறாக இருந்தது. "அண்ணை அந்த மாற்றம் கேட்டதுக்குப் பிறகு எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. ஏழு பதினாலுக்கு."

"என்ன சொன்னவர்?"

"கேளும்."

நாலு வினாடி. தட்டுகள் மோதுகிற சத்தம். தூரத்தில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு அப்பா தொண்டையைச் செருமினார், எதையாவது விளக்கத் தொடங்குமுன் எப்போதும் செருமுவதுபோல. அவ்வளவுதான்.

"திருப்பிப் போடுங்கோ."

போட்டார். திருப்பி. ஐந்தாம் தரம் அவள் கண்ணை மூடினாள். தட்டு, சிரிப்பு, செருமல். அந்தச் செருமலுக்குப் பின்னால் "டேய் றமணன்" வரவேண்டும். அதன் பின்னால் காரணம் வரவேண்டும்.

"நெஞ்சு வருத்தமோ, இல்லாட்டி சும்மா செருமினவரோ?" என்று கேட்டாள்.

"பத்து நாளாக் கேக்கிறன். தெரியேல்லை." சித்தப்பா இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார். "பிள்ளை, எனக்கு அந்தப் பெடியன் வேண்டாம். ஒருநாளும் வேண்டாம். நான் கேப்பன், அவர் மாட்டன் எண்டுவார், பிறகு அரை மணித்தியாலம் கதைப்பம். அவர் தந்திட்டா நான் என்னத்தைச் சொல்லிப் போன் எடுக்கிறது?"

சித்தப்பா விளையாட்டை ஒதுக்கிவிட்டு மற்றப் பக்கத்தைத் திறந்தார். ஏற்கிறேன். மறுக்கிறேன். இரண்டு சதுரங்கள்.

"நீர் சொல்லும். ஏற்கிறதெண்டா ஏற்கிறன். அவர் கடைசியாக் கேட்டது."

அதுதான் அவளுக்கும் இடித்தது. மறுக்கச் சொல்ல வாய் துடித்தது. ஆனால் அவர் கேட்டிருந்தார். நாலு தரம் அழுத்திக் கேட்டிருந்தார். திரை மங்கியபோது அவள் அதை விரலால் தொட்டாள். வெளிச்சம் வந்தது. மறுபடி மங்கியது. மறுபடி தொட்டாள். சதுரங்களில் படாமல், ஓரத்தில்.

"ஆறு ஐம்பத்தெட்டு," என்றார் சித்தப்பா.

"பாத்துக்கொண்டிருப்பம் சித்தப்பா."

"என்னத்தை?"

"அவனைத்தான்."

சித்தப்பா அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு பக்கத்தை மாற்றினார். திரையில் மறுபடி வெள்ளை ஐஸ். யசோதினி கோட்டிலிருந்து பக்கை எடுத்து மேசையில் வைத்தாள். எடையான சாமான். வைத்தபோது சத்தம் கேட்டது.

குசினி வாசலில் அம்மா வந்து நின்றாள். தலை இன்னும் ஈரம். டீவியின் மேலிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். சித்தப்பா போனைக் கவிழ்க்கக் கை நீட்டினார்.

"இருக்கட்டும் றமணன்," என்றாள் அம்மா. கிட்ட வந்து குனிந்தாள். "அவரின்ர பெடியனோ? இண்டைக்கு விளையாடுறானோ?"

சுவர் மணிக்கூட்டில் ஏழு தாண்டியிருந்தது.

"இனித்தான் அம்மா," என்றாள் யசோதினி.

டாரியோ எழுந்து, தடுப்புப் பலகையின் மேலால் ஒரு காலைப் போட்டு, உள்ளே இருப்பவன் திரும்பி வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.