மூன்றடுக்குப் பாவாடை

கள்ளக்குறிச்சியில் கவுன் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள் தங்கமணி. கல்யாணத்துக்கு முன்பு போட்டோ எடுத்துக்கொள்கிற பெண்களுக்கு அளவு பார்த்து, இடுப்பைப் பிடித்து, போகிற இடத்துக்குக் கூடவே போய் உடுத்திவிடுவாள். ரிஷிவந்தியத்திலிருந்து வந்த தனுஷா கேட்டது கறுப்பு வெள்ளைப் படக் காலத்துக் கவுன். இடுப்பு ஒட்டி, கீழே குடையாய் விரிந்து, முழங்காலைத் தாண்டி நிற்பது. சிவப்பில் வெள்ளைப் புள்ளி.

"குடை மாதிரி நிக்கணும்னா உள்ள போடுற பாவாடைதான் முக்கியம்" என்று மூன்றை எடுத்துப் போட்டாள் தங்கமணி. காட்டன் பாவாடை காலோடு ஒட்டியது. வளையம் வைத்தது, உட்கார்ந்தால் முன்பக்கம் எகிறியது. வலைத்துணியில் மூன்று அடுக்காகத் தைத்த கேன்கேன் மட்டும் தனுஷா சுற்றும்போது கவுனோடு சேர்ந்து சுற்றியது. உள்ளே லைனிங் இருந்ததால் காலில் குத்தவும் இல்லை.

"இதுதாங்கா" என்றாள் தனுஷா, கண்ணாடியை விட்டு நகராமல்.

விளிம்பு வெளியே தெரியாதபடி இரண்டு அங்குலம் மடித்துத் தைத்தாள் தங்கமணி. தனுஷாவின் இடுப்பு சின்னது. எலாஸ்டிக்கை உருவிவிட்டு நாடா கோத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கல்வராயன் மலைக்குப் போனார்கள். மாப்பிள்ளை இளஞ்செழியன் காரை ஓட்டினான். பக்கத்தில் போட்டோக்காரர் ஜீவா. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஓடையோரம் நிறுத்தினார்கள். காருக்குப் பின்னால் துணியை மறைப்பாகக் கட்டி, தனுஷாவுக்கு உடுத்திவிட்டாள் தங்கமணி. நழுவக் கூடாதென்று நாடாவில் இரட்டை முடிச்சு போட்டாள்.

ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். நடுவில் ஒரு தட்டைப் பாறை. தனுஷா அதன்மேல் ஏறி நின்றாள். வெயில் அடித்தது. மேற்கே மலைமுகட்டில் மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது.

ஜீவா பத்துப் படம் எடுத்திருப்பார். தெளிவாக ஓடிய தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியதைத் தங்கமணிதான் முதலில் பார்த்தாள். சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. மேலே எங்கோ லாரி மலையேறுவது போல ஒரு உறுமல்.

"இன்னா சத்தம் அது?" என்றான் இளஞ்செழியன்.

"தனுஷா, எறங்கி வா. ஓடியா" என்று கத்தினாள் தங்கமணி.

தனுஷா இறங்கினாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் தண்ணீர் தொடைக்கு ஏறியது. வலை அடுக்குகளுக்குள் தண்ணீர் புகுந்து பாவாடை மூட்டையாய் உப்பியது. வெள்ளம் அதைப் பிடித்து இழுத்தது. அவள் சாய்ந்து விழுந்து பாறையைக் கட்டிக்கொண்டாள்.

ஜீவா கேமராவைக் கரையில் போட்டுவிட்டு ஒரு மரத்தைச் சுற்றிக் கைபோட்டார். அவருடைய மறு கையை இளஞ்செழியன் பிடித்தான். இளஞ்செழியன் கையைப் பிடித்துக்கொண்டு தங்கமணி இறங்கினாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. காலடியில் கல் உருண்டது. திரும்பிவிடலாம் என்று ஒருமுறை நினைத்தாள். அதற்குள் கை தனுஷாவின் தோளைத் தொட்டுவிட்டது.

இழுத்தாள். வரவில்லை. இடுப்புக்குக் கீழே வேறு யாரோ பிடித்து இழுப்பது போல் இருந்தது.

"பாவாடைதான் இழுக்குது. அத்த அவுத்துடணும்."

"வேணாங்கா. அவரு பாத்துக்கினு இருக்காரு."

"செத்துடுவோம் தனுஷா."

தனுஷா அழுதாள். பிறகு தலையை ஆட்டினாள். தங்கமணி ஒரு கையால் கவுனின் பக்கவாட்டு ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. துணியைக் கிழித்து உள்ளே விரலை விட்டாள். நனைந்த முடிச்சு கல்லாய் இறுகியிருந்தது. நகம் பெயர்ந்தது. அவளே போட்ட இரட்டை முடிச்சு. மூச்சைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கி நாடாவைப் பல்லால் கடித்தாள். மண் தண்ணீர் மூக்கில் ஏறியது. கடித்துக் கடித்து இழுத்தாள்.

நாடா அறுந்தது. பாவாடை காலோடு உருவிப் போனது. தண்ணீருக்கு மேல் ஒருமுறை வெள்ளையாய் விரிந்து, பாறை இடுக்கில் மடங்கி மறைந்தது.

"இழுங்க" என்று கத்தினாள்.

கரையில் தனுஷா குப்புறக் கிடந்து இருமினாள். இளஞ்செழியன் முதுகைக் காட்டி நின்று, தன் சட்டையைக் கழற்றிப் பின்பக்கமாக நீட்டினான். ஓடையின் நடுவில் இருந்த பாறை அப்போது தெரியவே இல்லை.

மலை இறங்கும்போது தனுஷா தங்கமணியின் மணிக்கட்டை விடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் விரல்கள் இறுகின. கச்சிராயபாளையம் வந்ததும், "வூட்ல சொல்லாதீங்கக்கா" என்றாள். பிறகு தானே, "இல்ல, சொல்லிடுங்க. எனக்குச் சொல்ல வராது" என்றாள். அவளுடைய அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள் தங்கமணி. அந்தப் பாவாடையை எடுத்துக் கொடுத்ததும் முடிச்சு போட்டதும் தான்தான் என்பதையும் சேர்த்து. அந்த அம்மா உள்ளே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, வரவேற்புக்கு உடுத்த ஒன்று வேண்டுமென்று தனுஷா மறுபடி கடைக்கு வந்தாள். வீட்டில் புடவை கட்டச் சொன்னார்களாம். கவுன்தான் போடுவேன் என்று வந்திருக்கிறாள். நீல கவுனை எடுத்தாள். உள்ளே போட மெல்லிய காட்டன் பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"குளிக்கறப்ப காலு மேல தண்ணி பட்டாலே திக்குங்குதுக்கா. ஒங்களுக்கு?"

"எனக்குந்தான்."

தனுஷா உடை மாற்றும் அறைக்குள் போனாள்.

"அக்கா, கதவ சாத்தாதீங்க. அங்கியே நில்லுங்க."

"நிக்கறேம்மா" என்றாள் தங்கமணி.

உள்ளே துணி சரசரத்தது. கடைக்கு வந்த வேறு பெண்ணொருத்தி ஏதோ விலை கேட்டாள். தங்கமணி திரும்பவில்லை.