சரிபாதி நெகட்டிவ்

ஒரகடத்தில் பிரேக் தகடு அடிக்கும் அந்தக் கம்பெனிக்கு 2004-இல் ஐந்து வயது. மலர் வெளியிடுவதென்று முடிவாயிற்று. தொடக்க விழாவன்று எடுத்த நெகட்டிவ்கள் நிர்வாக மேலாளர் நரசிம்மனின் அலமாரியில் இருந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்று பார்க்க ஒரு கமிட்டி போடப்பட்டது. அதில் நரசிம்மனும் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர் ஹேமந்தும் மட்டுமே. இரண்டு பேர் கமிட்டி ஆகாது என்பதால், நரசிம்மன் தலைவராக ஒரு கையெழுத்தும் உறுப்பினராக ஒரு கையெழுத்தும் போட்டார்.

சந்தனமாரி அங்கே கேன்டீனில் மேஜை துடைப்பவள். அவள் புருஷன் நம்பிராஜன் விளாத்திகுளத்துக்காரன், அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். போன ஆடியில் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். கோயிலில் நடந்த கல்யாணத்துக்குப் படம் எடுக்கவில்லை. அடையாள அட்டையைக் கணக்கு முடித்தபோது வாங்கிக் கிழித்துவிட்டார்கள், அது விதி. மிஞ்சியது ஒரே ஒரு படம். விழாவில் சேர்மன் முதல் தகட்டைத் தூக்கிக் காட்டியபோது, பக்கத்தில் தட்டு பிடித்து நின்றவன் அவன். மகள் மாரிசெல்விக்கு இரண்டு வயது. வருகிற ஆடியில் வருஷத் திதி. அதற்குள் பிள்ளைக்குக் காட்ட ஒரு முகம் வேண்டும்.

"ஸ்டுடியோவுல குடுத்தா ஒரே நாள்ல கழுவித் தந்துருவாகளே சார்" என்றாள் மாசி மாதம்.

"கம்பெனி சொத்தும்மா அது" என்றார் நரசிம்மன். "வெளிய போகணும்னா கேட் பாஸ் வேணும். அதுல மதிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. என்னன்னு எழுதறது, சொல்லு."



ஹேமந்த் இரக்கப்பட்டு, அந்த நெகட்டிவ் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஐந்து படங்கள். நடுப் படத்தில் இடப்பக்கம் சேர்மன், வலப்பக்கம் நம்பிராஜன்.

"இம்புட்டு வெள்ளையாவா தெரியிதாக?"

"நெகட்டிவ்மா. கறுப்பெல்லாம் வெளுப்பாத்தான் தெரியும்."

"ஒருக்காவது வெள்ளையா இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்தாள். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு.

கமிட்டி மூன்று மாதம் கூடியது. ஃப்ளாட்பெட் ஸ்கேனர் ஜெராக்ஸ் மெஷின் மாதிரி. கண்ணாடிமேல் காகிதம், புத்தகம், நெகட்டிவ் எதையும் கிடத்தலாம். ஃபிலிம் ஸ்கேனர் ஃபிலிமைத் தவிர எதையும் தொடாது. ஆனால் மயிரிழைகூடத் தப்பாது. ஹேமந்துக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது.

"அதுல கேன்டீன் கூப்பன வெக்க முடியுமா?" என்று கேட்டார் நரசிம்மன்.

"முடியாது சார்."

"அப்ப எப்படி ஒப்பிடறது? ஸ்கேனர் விக்கிற ரெண்டு பார்ட்டிக்கும் ஒரே சாம்பிள் குடு. அப்புறம் ஒருத்தன் வந்து நியாயம் பேசக்கூடாது."

அந்தக் கம்பெனியில் ஒரு தகட்டை இரண்டு லேபுக்கு அனுப்புவதென்றால் நட்டநடுவில் வெட்டி அனுப்புவார்கள். ஹேமந்த் அந்த நெகட்டிவ் துண்டை ஸ்கேல் வைத்து அளந்தார். பத்தொன்பது சென்டிமீட்டர். மிகச் சரியாக ஒன்பதரையில் வெட்டினார். சாம்பிளுக்கு ஃபாரம் இருந்ததால் இரண்டு துண்டும் சிரமமில்லாமல் கேட்டைத் தாண்டின. மதிப்பை யாரும் கேட்கவில்லை.

ஐந்தில் பாதி இரண்டரை. சேர்மன் ஒரு துண்டில் போனார், நம்பிராஜன் மறு துண்டில். தட்டு பிடித்த கை மட்டும் சேர்மனோடு போனது.

ஃபிலிம் ஸ்கேனர்காரன் முழுப் படங்கள் இரண்டை மட்டும் ஏற்றித் தந்தான். நம்பிராஜன் இருந்த அரைப் படம் அவன் மெஷினின் சட்டத்தில் உட்காரவில்லை. அந்த இரண்டிலும் சேர்மனின் அம்மைத் தழும்புகளை எண்ணிவிடலாம்.

"இத மலர்ல போட்டா எனக்கு மாலை போட்டுடுவாங்க" என்றார் நரசிம்மன்.

ஃப்ளாட்பெட்காரன் தன்னிடம் வந்த அரைப் படத்தையும் கிடத்தி எடுத்திருந்தான். சேர்மன் சற்றே மங்கி, பத்து வயது குறைந்து தெரிந்தார். மூன்று மாத ஆராய்ச்சி ஒரு நிமிடத்தில் முடிந்தது.

தோற்ற துண்டு ஸ்டோருக்குத் திரும்பியது. ரிஜெக்ட் ஆன எதுவும் நல்ல சரக்கோடு கலந்துவிடாமல் இருக்க, ஸ்டோரில் சிவப்புப் பெயின்ட் அடிப்பார்கள். அடித்தார்கள்.

சந்தனமாரி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "யாரு சார் வெட்டச் சொன்னா?"

"ரெண்டு பேருக்கும் சமமா இருக்கணும்லம்மா" என்றார் ஹேமந்த். குரல் இறங்கியிருந்தது. தின்னரில் துணியை நனைத்து மெதுவாகத் துடைத்தார். பெயின்ட் வந்தது. கூடவே முகமும் கழன்று வந்தது. துண்டு சுருண்டுகொண்டது.

மலர் வழவழப்பான தாளில் வந்தது. ஏழாம் பக்கத்தில் சேர்மன். ஓரத்தில், ஆளில்லாமல், தட்டு பிடித்த ஒரு கை. கீழே நரசிம்மன் எழுதிய வரி: 'நம்மை உயர்த்திய உழைக்கும் கரங்கள்.'

ஆடியில் சந்தனமாரி அந்தக் கையை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டாள். கேன்டீனில் கூட வேலை செய்யும் செங்கமலம் பூ வாங்கி வந்திருந்தாள். வாடகை அறையின் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். மாரிசெல்வி அண்ணாந்து பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

"இன்னா மாரி, மாலையெல்லாம் போட்டுட்டே" என்றாள் செங்கமலம். "பொட்டு எங்க வெப்பே?"

 சந்தனமாரியின் விரல் நுனியில் குழைத்த சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது.