ஒரே ஒரு பக்கத்துக்கு இடம்

1

இந்தக் கதையில் என் சொந்தச் சரக்கு பாதிகூட இல்லை. முதல் வரியை ஒட்டுக்கேட்டேன். சார்ஜர் வயர் மாற்றப் போன கடையில், எனக்கு முதுகைக் காட்டி இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி சொன்னாள்:

"ஒரே ஒரு பக்கம்தான் தம்பி. அதுக்கு எவ்வளவு இடம் வேணும்?"

வெப்சைட்டும் போட்டுக் கொடுக்கிற கடை அது. கடைக்காரர் பதில் சொல்வதற்குள் என் வயர் வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். முதலில் குரல். முகமெல்லாம் பிறகு, அதுவும் வந்தால் உண்டு. இந்தக் குரல் மூன்று வாரமாக என்னை விடவில்லை. ஆசைப்பட்டு எழுதவில்லை, இறக்கி வைக்க எழுதுகிறேன்.

2

தொடக்கங்கள்.

கணினித் திரையின் நீல ஒளி அவள் முகத்தில் விழ (வேண்டாம். எத்தனை கதையில்தான் விழும்.)

வெப்சைட் ஒரு வீடு என்றால் ஹோஸ்டிங் அது நிற்கிற மனை. எங்கோ ஒரு கம்பெனியின் இயந்திரத்தில் நமக்கென்று வாடகைக்கு எடுக்கும் (இதுவும் வேண்டாம். ஆனால் விஷயம் தெரியாதவர்களுக்கு உதவும் என்பதால் அடிக்காமல் விடுகிறேன்.)

பேச்சிலேயே தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான்.

3

"இப்ப இருக்கிற கம்பெனிக்கு என்னக்கா ஆச்சு?"

"மூடறாங்களாம். இந்த மாசத்தோட எல்லாத்தையும் அழிச்சிடுவோம்னு மெயில் போட்டிருக்காங்க."

"இலவசமாவே இடம் இருக்கு. ஆனா விளம்பரம் வரும்."

"எங்க வரும்?"

"ஃபோட்டோவுக்குப் பக்கத்துல. செருப்பு தள்ளுபடி, அந்த மாதிரி."

"ஐயோ, அண்ணன் மூஞ்சிக்குப் பக்கத்துல செருப்பா!"

"விடு வாண்டு. போனப்பகூட புதுச் செருப்பு மாட்டிக்கிட்டுதானே போனாரு உங்கண்ணன்."

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் கேட்டவர் கடைக்காரர். கடைசியாகப் பேசியவள் அண்ணி. துணிக்கடைகளுக்கு ஆல்ட்ரேஷன் தைத்துக் கொடுக்கிறவள். வாண்டு அவளுடைய நாத்தனார். நாற்பத்தெட்டு வயதாகியும் வாண்டுதான். பல் டாக்டரிடம் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள். போனவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருத்திக்குப் புருஷன், இன்னொருத்திக்கு அண்ணன். மத்தியானம் சாப்பிட வருகிறேன் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் வேலைக்குப் போனவர் வரவில்லை.

(ஏன் போனார்? தெரியாது. நான்தானே எழுதுகிறேன், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தேன். கிடைத்த காரணம் ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தி தலையில் போய் விழுந்தது. விட்டுவிட்டேன்.)

அந்த வெப்சைட் அவர் தொழிலுக்காக அவரே போட்டது. அவர் போன பிறகு வீடு மாறியது, ஃபோன் நம்பர் மாறியது. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த முகவரி என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதனால் லிஃப்ட் படங்களை எல்லாம் நீக்கி, அவர் ஃபோட்டோவை மட்டும் வைத்து, அண்ணி நாலு வரி போட வைத்தாள்:

வீடு மாறிட்டோம். புது நம்பர் கீழே இருக்கு. யாருக்கும் கோபம் இல்லை. ஒரு ஃபோன் பண்ணுங்க.

4

கடைக்காரர் அடுத்த திட்டத்தைத் திரையில் காட்டினார்.

"இது நல்ல கம்பெனிக்கா. எல்லாத்துக்கும் ஒரு காப்பி எடுத்து வைப்பாங்க. ஃபோன் பண்ணா ஆள் எடுப்பாங்க. தொண்ணூத்தொன்பது புள்ளி ஒன்பது சதவீதம் நிக்காம ஓடும்."

"மீதி?"

"மீதின்னா?"

"அந்தப் புள்ளி ஒண்ணு."

கடைக்காரர் கணக்குப் போட்டார். "வருஷத்துக்கு எட்டு மணி நேரம், எட்டே முக்கால். அவ்வளவுதான்."

"எந்த எட்டு மணி நேரம்?"

"அதெல்லாம் முன்கூட்டியே சொல்ல முடியாதுக்கா."

"அந்த நேரம் பார்த்து அவர் தொறந்தாருன்னா?"

இந்த இடத்தில் கடைக்காரரை ஏதாவது சமாதானம் சொல்ல வைத்தேன். அடித்தேன். வேறு மாதிரி சொல்ல வைத்தேன். அதையும் அடித்தேன். கடைசியில் அவர் மௌஸைத் துடைத்தார். அது சரியாக இருந்தது.

5

நாத்தனார் மேல்தான் எனக்குச் சந்தேகம். முதலில் அவளைக் கறாராக எழுதினேன். "ஆறு வருஷம் போதும் அண்ணி, இடமும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று சொல்கிறவளாக. காதில் ஒட்டவில்லை. அப்படிப்பட்டவள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு அண்ணி கூட வந்து உட்கார மாட்டாளே. அப்புறம்தான், எழுதி எழுதிக் கை ஓய்ந்த நேரத்தில், அவள் மறைக்கிற விஷயம் பிடிபட்டது.

பக்கத்தின் அடியில் ஓர் எண் ஓடுகிறது. இதுவரை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்ற எண். பழைய காலத்து ஏற்பாடு. லிஃப்ட்காரர் ஆசைப்பட்டு வைத்தது. நாத்தனார் தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறாள். தினமும் எண் இரண்டு கூடியிருக்கிறது. ஒன்று அவள். இன்னொன்று?

அண்ணியும் தினமும் காலையில் தையல் மெஷினில் உட்காருவதற்கு முன்னால் திறக்கிறாள். அவளுக்கும் தினமும் எண் இரண்டு கூடியிருக்கிறது. ஒன்று அவள். இன்னொன்று?

"நான் அதைப் பார்க்கறதே இல்லடி, தாங்கல" என்று அண்ணி என்றோ சொல்லியிருக்கிறாள். "நானும் விட்டுட்டேன் அண்ணி" என்று இவளும் சொல்லியிருக்கிறாள். மற்றவளை நோகடிக்காமல் இருக்கச் சொன்ன பொய். அந்த இன்னொன்றைப் பற்றி ஒருத்தியிடம் ஒருத்தி மூச்சு விட்டதில்லை. நாளைக்கு அது அவரில்லை என்று ஆகிவிட்டால் மற்றவள் உடைந்துபோவாள் என்ற பயம். இப்படி ஐந்து வருடமாக ஒருத்திக்கு ஒருத்தி அவராக இருந்துகொண்டு

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

6

பழைய கம்பெனியிலிருந்து பக்கத்தைப் பெயர்த்து எடுக்கும்போது, வந்துபோனவர்களின் பதிவும் கூடவே வந்தது. கடைக்காரர் கண்ணை ஓட்டினார். எந்தத் தேதியைப் பார்த்தாலும் அதே இரண்டு ஃபோன்கள். ஒன்று விடிந்ததும், ஒன்று மத்தியானம் ஒன்றரைக்கு. இரண்டும் இதே ஊர். மூன்றாவது இல்லை. ஒரு நாள்கூட இல்லை.

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் அவர் உண்மையைச் சொல்கிறார், "அப்ப இடம் வேணாம் தம்பி" என்று அண்ணி எழுந்துவிடுகிறாள், பக்கம் அழிந்துபோகிறது, வீடு திரும்பும் வழியெல்லாம் இருவரும் காய்கறி விலை பேசுகிறார்கள். இன்னொன்றில் மழுப்பிவிடுகிறார், அவர்கள் நல்ல இடமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, காலையிலும் மத்தியானத்திலும், சாகிற வரைக்கும். மூன்றாவதில், அன்றைக்கே எண் மூன்று கூடுகிறது. எழுதும்போது அழுதேன். அழுது முடித்ததும் கிழித்துவிட்டேன். அது அவர்களுக்காக எழுதியதில்லை.

7

நாத்தனாருக்கு ஃபோன் வந்தது. பல் டாக்டர்தான். பேசிக்கொண்டே கடைக்கு வெளியே போய் நின்றாள்.

அண்ணி ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

இதற்கு மேல் கடைக்காரரை வைத்துக்கொண்டு என்னால் ஆகாது. என்ன வாக்கியத்தைக் கொடுத்தாலும் என் முகத்தைப் பார்க்கிறார். டீ குடித்துவிட்டு வரட்டும் என்று அனுப்பிவிட்டேன். நாற்காலி காலி. அவர் பார்த்ததை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். உட்காருங்கள்.

எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். அவளைப் பார்த்துச் சொல்லுங்கள். சீக்கிரம். வெளியே இருப்பவளும், அண்ணி நகர்கிற நேரமாகப் பார்த்து இதையேதான் கேட்கப்போகிறாள்.

"அவ வர்றதுக்குள்ள ஒண்ணு கேட்டுக்கறேன். யாரோ தினம் வந்து பார்த்துட்டுப் போறாங்க இல்ல? யாருன்னு தெரிய வேணாம். புது இடத்துக்கு மாத்தினா, அவங்களுக்கு வழி தெரியும்தானே?"