வயிறு நிறைந்த மாணவன்

பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்துக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். அதைக் கவனிக்கும் காத்தாயியக்காவுக்கு இருப்பது இரண்டே கை. அதனால் தானாக அள்ளிச் சாப்பிடத் தெரிந்த பிள்ளைகளை மட்டும்தான் சேர்ப்பாள்.

விமலின் மகன் லித்தேஷ் சேர்ந்தால்தான் மனைவி சரிதா கொழுந்து பறிக்கும் வேலைக்குத் திரும்ப முடியும். ஒருத்தர் சம்பளத்தில் வீடு முக்கிக்கொண்டிருந்தது. ஆகவே ஃபேக்டரி விட்டு வந்ததும் விமல் வாத்தியாராகிவிடுவான். பருப்புச்சோற்றைப் பிசைந்து, தானே ஒரு வாய் அள்ளிக் காட்டுவான். மகன் மரியாதையாகக் கவனிப்பான். பிறகு தன் பங்கைச் சுவரில் அப்புவான். வாத்தியார் தலையிலும் கொஞ்சம்.

"ஏங்க, அவனுக்கு அப்படியே உங்க மூளை" என்பாள் சரிதா. விமல் நம்பினான். பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டது ரத்தத்தில் இறங்கிவிட்டதோ என்று கவலைப்பட்டான்.

ஒருநாள் ஃபேக்டரியில் மெஷின் மக்கர் பண்ண, சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். கதவைத் தள்ளினால், லித்தேஷ் விரல்களைக் குவித்து, பருக்கை சிந்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்த தாய்மாமன் மாதிரி. எதிரே சரிதா.

விமல் வீட்டுக்குள் நின்றும் குடையை மடக்கவில்லை.

"எப்பருந்து?"

"போன மாசத்துலருந்து."

"அப்ப சாயங்காலம் நான் எடுக்கற கிளாஸ்?"

"வவுறு நெறஞ்ச புள்ளைக்கு எடுத்தீங்க. வெளாடுனான்."

"தலையில சோத்தோட நான் உக்காந்திருந்தப்ப நீ சிரிச்ச."

"அது நெசமாவே சிரிப்பு வந்துச்சுங்க." அவள் குரல் இறங்கியது. "தெரிஞ்சா மறுநாளே கொழுந்தெடுக்க மலைக்குப் போகச் சொல்வீங்க. இன்னும் கொஞ்ச நாள் இவன் எங்கூட இருக்கட்டும்னுதான்..."

"கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டான். அது அவனுக்கே தெரிந்ததுதான் கூடுதலாக எரிந்தது.

காம்பராவைப் பூட்டிவிட்டு வந்த காத்தாயியக்கா வாசலில் எட்டிப்பார்த்தாள். "என்ன தம்பி, பையன் தேறிட்டானா?"

சரிதா தட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். விமலைப் பார்த்தாள். அவனுக்குக் கோபம் தீரவில்லை, ஆனாலும் வாய் சொன்னது: "எங்க தேறுனான்க்கா... சுத்தமா வரமாட்டேங்குது."

லித்தேஷ் தவழ்ந்து அம்மாவைச் சுற்றிப் போனான். மிச்சச் சோற்றை வழித்து வாயில் போட்டான். விரலையும் நக்கினான்.

"அடேயப்பா! திங்கக்கிழமை கொண்டாந்து விட்டுருங்க" என்று அக்கா போயேவிட்டாள்.

"சொல்லிக் குடுத்தவ நான்டா" என்றாள் சரிதா மகனிடம்.

அவன் காலித் தட்டை நீட்டினான்.